ஒன்பது விநாடிப் பாட்டு

ஜேன், மலேசியாவின் லூனாஸ் ஊரில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவள். ஒரு சனிக்கிழமை காலை, அவள் குடியிருந்த தோட்ட லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. செம்பனை எண்ணெய் ஆலையின் குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் படமெடுத்து இணையத்தில் போட்டாள். மாலைக்குள் பத்தாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் வீடியோவைக் காணோம். பதிப்புரிமை மீறல் என்றது தளம். ஆலை ஒலிபெருக்கியில் ஓடிய கம்பெனிப் பாட்டு ஒன்பது விநாடி அதில் பதிவாகியிருந்ததாம். செத்த மீன்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆலையின் புகாருக்கு உடனே தலையாட்டிய தளத்தில், அவள் சொல்வதைக் கேட்க ஒரு மனிதர்கூட இல்லை.

ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி விக்னேஸ்வரன் வீடு தேடி வந்தான். அதே லயத்தில் வளர்ந்தவன். இப்போது சப்பாத்தில் சேறு படாமல் நடக்கப் பழகியிருந்தான்.

"அக்கா, அது எங்க கம்பெனி பாட்டு லா. இனிமே போடமாட்டேன்னு எழுதிக் குடுங்க, புகாரை எடுத்துடுறோம்."

"அந்தப் பாட்டை யாராவது திருடுவாங்களா தம்பி? கேக்கவே முடியல."

"இன்னும் ரெண்டு புகார் வந்தா உங்க அக்கவுன்டே போயிரும்."

"போகட்டும். நீ அந்த ஆத்துல ஒரு தடவ குளிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்."

அவன் போனதும் தளத்தின் மறுப்பு மனுவை நிரப்பினாள். பத்து வேலை நாளுக்குள் ஆலை வழக்குப் போடாவிட்டால் வீடியோ திரும்பும். ஆலைக்கு வழக்குப் போடும் எண்ணமே இல்லை. அந்தப் பத்து நாள்தான் வேண்டியிருந்தது. மீன்களை அள்ளினார்கள், குழாயை அடைத்தார்கள், தெளிந்த தண்ணீர் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீடியோ திரும்பியபோது பார்த்தவர்கள் பதினொரு பேர்.

ஜேன் அதை பஸ் டிவியில் போட்டாள். வேலைக்குப் போகும் நாற்பது பெண்களும் பார்த்தார்கள்.

"நம்ம ஆறா இது?" என்று எழுந்தே நின்றாள் பிரேமாவதி. அன்றே அவள் சுற்றுச்சூழல் துறைக்கு மனு எழுதினாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாவது வாரம், மழை நாளில், சுற்றுச்சூழல் அதிகாரிகள் சொல்லாமல் வந்தார்கள். குழாயில் மறுபடி கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆலையை ஒரு மாதம் மூடினார்கள்.

விக்னேஸ்வரனைப் பண்டார் பாரு ஊருக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு. 'மன்னிச்சிருங்க அக்கா, என் வேலை அப்படி' என்று செய்தி அனுப்பினான். ஜேன் படித்தாள். அவன் எண்ணைத் தடை செய்தாள்.