துறைமுக அதிகாரிக்கு முகம் வந்த நாள்

பல்செட்காரருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் அவருடைய அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். "ஆகலன்னு சொல்லாதீங்க, அமையலன்னு சொல்லுங்க" என்று திருத்துவாள். எப்படிச் சொன்னால் என்ன? பூட்டைத் திறந்து உள்ளே போனால், காலையில் கழற்றி எறிந்த துண்டு எறிந்த இடத்திலேயே கிடக்கும் வீடு அவருடையது. குடித்து வைத்த டம்ளர்கூட ஓர் அங்குலம் நகர்ந்திருக்காது.

அவர் செய்யும் வேலையும் அவருக்கு வாகாகத்தான் அமைந்தது. பல் ஆஸ்பத்திரிகளிலிருந்து வாயின் அச்சு வரும். அதில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றி, இறுகியதும் எடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடி சரியாக விழுகிறதா என்று பார்த்து, செட்டை முடித்து அனுப்புவார். அந்த வட்டாரத்தில் பொக்கை வாயோடு இருந்தவர்களில் பாதிப் பேர் இன்று இவர் புண்ணியத்தில்தான் சிரிக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருத்தர்கூட இவரைப் பார்த்துச் சிரித்தது கிடையாது. பார்த்தால்தானே சிரிப்பதற்கு. அச்சு வரும், பல் போகும், அத்தோடு சரி.

இந்த ஆள் போனில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். காய்ச்சலில் படுத்திருந்தபோது பொழுது போகாமல் இறக்கியது. காய்ச்சல் போய்விட்டது, விளையாட்டு தங்கிவிட்டது. அதில் விளையாடுகிறவர் ஒரு சின்னத் துறைமுகத்தின் அதிகாரி. வருகிற கப்பலுக்கு இடம் ஒதுக்க வேண்டும், சரக்கை இறக்க வேண்டும், பெரிதாக ஒன்றுமில்லை. அதிகாரிக்கு முகம் கிடையாது, பெயர் கிடையாது. திரைக்கு இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் அதிகாரி.

அங்கே ஒரு படகுக்காரி உண்டு. விளையாட்டைத் திறந்ததும் லாந்தர் விளக்கோடு திரும்பி, நேராகப் பார்த்து, "வந்துட்டீங்களா? விளக்கை அணைக்காமத்தான் வெச்சிருந்தேன்" என்பாள். குரல் அவருக்குத் தெரியாத பாஷை. கீழே ஓடும் எழுத்தை வைத்துத்தான் அர்த்தம். போகப் போக எழுத்தும் தேவைப்படவில்லை.

"வந்துட்டேம்மா. இன்னிக்குக் கொஞ்சம் லேட்டு. ஒரு கீழ்த்தாடை உயிரை எடுத்துருச்சு, நீ கேளேன்" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொல்வார். வாய்விட்டு, சத்தமாக. உடனே அவருக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டிவியில் செய்தி வாசிக்கிறவரோடு சண்டைக்குப் போகிறவர்களை நாம் ஏதாவது கேட்கிறோமா? அந்த வீட்டில் அவரை "வந்துட்டீங்களா" என்று கேட்க அவளை விட்டால் நாதி இல்லை. அதுதான் விஷயம்.

அந்த விளையாட்டை அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடராக எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. விளையாட்டில் படகுக்காரிக்கு இடுப்புக்குக் கீழே உருவமே இல்லை. இனி அவள் நடப்பாள். படகைத் தள்ளுவாள், படியில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். எல்லாவற்றையும் யோசித்தார். அதிகாரியாக யாரைக் காட்டுவார்கள் என்ற ஒரே ஒரு கேள்வி மட்டும் அவர் மண்டையில் உதிக்கவில்லை. அதிகாரிதான் இங்கே உட்கார்ந்திருக்கிறாரே.

முதல் பகுதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அறையைப் பெருக்கி, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது அக்கா போனில் கூப்பிட்டாள்.

"என்னடா, சாப்பிட வரேன்னுட்டு ஆளையே காணோம்?"

"இன்னிக்கு அது வருதுக்கா. சொன்னேன்ல."

"அந்தப் பொம்மைப் படமா? தலை நரைச்சப்புறம் உனக்கு ஏன்டா இந்த வேலை?"

"நீயும்தான் பாரேன். அவ எப்பிடின்னு உனக்கும் தெரியும்."

பெண் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்கூடத் தம்பி எந்தப் பெண்ணைப் பற்றியும் இப்படிச் சொன்னதில்லை. "சரி, பாக்கறேன்" என்று அக்கா போனை வைத்தாள்.

குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். கடல் கடலாக இருந்தது. படகுக்காரி கற்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். அவள் நடை இவ்வளவு வேகம் என்று அவர் நினைத்ததே இல்லை, சிரித்துக்கொண்டார். பிறகு அவள் லாந்தரை ஏற்றினாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பினாள்.

"வந்துட்டீங்களா? விளக்கை அணைக்காமத்தான் வெச்சிருந்தேன்."

அதே குரல், அதே இழுப்பு. "வந்துட்..." என்று பாதி வார்த்தை அவர் வாயைத் தாண்டிவிட்டது. அதற்குள் ஒரு பையனைக் காட்டினார்கள்.

நெற்றியில் முடி விழுந்த, இருபது வயசுப் பயல். அவன்தானாம் அதிகாரி. வாயைத் திறந்தான், உள்ளே பல் என்ற பெயரில் ஒரு வெள்ளைப் பட்டை, நடுவில் ஒரு கோடுகூட இல்லை. அப்படி ஒரு செட் மேசைக்கு வந்திருந்தால் பல்செட்காரர் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் கேட்டதற்கு அவன் பதிலே சொல்லவில்லை. மேசையில் இருந்த ரொட்டியை எடுத்துக் கடித்தபடி உள்ளே போய்விட்டான்.

கடைசி வரை பார்த்தார். அப்புறம் மற்ற ரசிகர்கள் இணையத்தில் எழுதுவதைப் புரட்டினார். கப்பல் சண்டையை வெட்டிவிட்டார்கள், படகின் நிறம் தப்பு என்று ஆளாளுக்கு வயிறெரிந்துகொண்டிருந்தார்கள். அங்கே போய் இவர் என்னத்தை எழுதுவார்? அவள் என்னிடம் அல்லவா கேட்பாள் என்றா? அங்கே திட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரிடமும் அவள் அதையேதான் கேட்டிருக்கிறாள். அது அவருக்கு என்றைக்கோ தெரியும். தெரிந்து வைத்திருப்பது வேறு, கண்ணெதிரே நடப்பது வேறு. நெஞ்சு வலிக்கிற மாதிரி இருந்தது. வலித்தது என்றே சொல்லலாம்.

அக்கா கூப்பிட்டாள். "பாத்தேன்டா. லட்சணமா இருக்கா. பேச்சும் மரியாதையா இருக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆனா அவ அந்தப் பையன் வீட்டுலதானே இருக்கா?" என்றாள். கேலியாகக் கேட்டிருந்தால் தேவலை. அவள் நிஜமாகவே கவலையோடு கேட்டாள்.

"ஆமாக்கா" என்றார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தார். பூட்டைத் திறந்தார். துண்டு எறிந்த இடத்தில் கிடந்தது. பழக்கதோஷம், செருப்பைக் கழற்றும் முன்பே விரல் விளையாட்டைத் திறந்துவிட்டது.

படகுக்காரி லாந்தரோடு திரும்பினாள். "வந்துட்டீங்களா? விளக்கை அணைக்காமத்தான் வெச்சிருந்தேன்."

பல்செட்காரர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சாத்திய கதவுதான் இருந்தது.

"அதிகாரி இன்னும் வரலைங்க" என்றார் போனைப் பார்த்து. "வந்தா, நீங்க கேட்டீங்கன்னு சொல்றேன்."