முகூர்த்த நாளில் கரை கடந்த புயல்

ஊருக்கு ஊர் ஒரு கிறுக்கு உண்டு. பனி கொட்டும் தேசங்களில், நேற்று ராத்திரி எத்தனை அங்குலம் விழுந்தது என்று விடிந்ததும் விடியாததுமாக ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஓடுவார்களாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சென்னையில் இருப்பவனுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் திருவிழா. வங்கக் கடலில் ஒரு சுழி விழுந்துவிட்டால் தேரோட்டமே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படிக் கிறுக்குப் பிடித்தவர்களில் கணேசமூர்த்தி முதல் வரிசை ஆள்.

ரங்கநாதன் தெருவில் அவருக்கு ரவிக்கைத் துணிக் கடை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் சென்னைக்கு வந்து பாதி ஆயுள் ஓடிவிட்டது. மேற்கு மாம்பலத்தில் அடுக்குமாடி வீடு. மொட்டை மாடியில் மழைமானி. காலை எட்டரைக்கு அதை அளந்து, 'வங்கக்கடல் வாசல்' என்ற வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் காப்பி. கடையில் வாடிக்கையாளர் புடவையை நீட்டிக்கொண்டு நிற்க, இவர் போனில் மேகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி முத்துலட்சுமிக்கு அந்தப் போனைக் கண்டாலே ஆகாது.

குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் இவரைப் போலத்தான். மயிலாப்பூரில் பங்கஜம், கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அடையாற்றில் நதீம், சொந்தமாக டெம்போ ஓட்டுகிறவர். மந்தைவெளியில் லாரன்ஸ். இன்னும் தெருவுக்கு ஒருவர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதுமில்லை. மேகத்தைப் பற்றிப் பேசவே பொழுது போதவில்லை. பெருமழை என்றால் அவரவர் தெருவில் இறங்கி நின்று தண்ணீரின் அளவைச் சொல்வார்கள். அதற்கு மூன்றே அளவு: கணுக்கால், முட்டி, இடுப்பு.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். ஆசையை மாடலில் கலக்கக் கூடாது. மாடல் என்பது கம்ப்யூட்டர் கணித்துத் தரும் புயலின் ஜாதகம். ஒன்று மகாபலிபுரம் என்னும், ஒன்று நெல்லூர் என்னும். மழைப் பைத்தியங்களுக்கு மழை வேண்டும் அல்லவா? எது சென்னையைச் சொல்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு குதிக்கத் தோன்றும். அப்படிக் குதித்தவருக்கு ஒரு நாள் முழுக்க வாய்ப்பூட்டு. கணேசமூர்த்தி அந்தச் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவர்.

அப்பேர்ப்பட்டவர், மகள் லாவண்யாவின் கல்யாணத்தைக் கார்த்திகையில் வைத்தார். நாள் குறித்தது மாப்பிள்ளை வீட்டார், அதை விட்டுவிடலாம். மண்டபம் பிடித்தது இவர்தானே? சைதாப்பேட்டையில், ஆற்றங்கரைக்கு ஒரு தெரு தள்ளி. வேறு யாராவது பிடித்திருந்தால் "உமக்கென்ன கிறுக்கா?" என்று கேட்டிருப்பார். மண்டபத்து வாசல் வளைவு லாவண்யாவுக்குப் பிடித்துப்போயிற்று. மகள் முகம் மலர்ந்ததும் அப்பாவுக்கு ஆறு மறந்துவிட்டது.

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் கடலில் சுழி விழுந்தது. பிறகு அது தாழ்வு மண்டலமாகி, வாயில் நுழையாத ஒரு பெயரோடு புயலாகவும் ஆயிற்று. குழுவில் எல்லாருக்கும் கொண்டாட்டம். நான்கு மாடல்கள், சென்னைக்குச் சற்றுத் தெற்கே, சரியாக வெள்ளிக்கிழமை காலை கரை கடக்கும் என்றன. ஐந்தாவது மாடல் மட்டும் புயல் வடக்கே திரும்பி ஆந்திராவுக்குப் போகும் என்றது. வெள்ளிக்கிழமை காலைதான் முகூர்த்தம்.

கணேசமூர்த்தி ஐந்தாவதைக் கட்டிக்கொண்டார். குழுவில் அதன் படத்தையே திரும்பத் திரும்பப் போட்டார். சம்பந்தியிடம், "ஒரு தூறல்கூட விழாது, நான் கேரண்டி" என்றார். மழையைப் பற்றி அவர் சொன்னால் உறவில் அப்பீல் கிடையாது. சமையற்காரர், பந்தல்காரர், நாதஸ்வரக்காரர் எல்லாரும் நிம்மதியானார்கள். வாழ்நாள் முழுக்க மழையை வா வா என்று கூப்பிட்ட மனிதர், முதல்தடவையாகப் போ போ என்று வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டுதலுக்குக் கணிப்பு என்று பெயர் வைத்ததுதான் தப்பு.

பங்கஜம் போன் செய்தார்.

"நான் சொல்றேனேன்னு கோச்சுக்காதேங்கோ. நாலு மாடல் நம்ம தலையிலதான் இறங்கும்கறது. நீங்க அஞ்சாவதை மட்டும் பிடிச்சுண்டு தொங்கறேள்."

"போன வருஷம் அந்த அஞ்சாவதுதானே மேடம் சரியாச் சொல்லிச்சு?"

"இந்த வருஷம் அது உங்களுக்குப் பிடிச்ச மாதிரி சொல்றது. அதான் நேக்கு பயமா இருக்கு. ஆத்தங்கரை மண்டபம் வேற. மாத்திடுங்கோளேன்."

உள்ளதைச் சொன்னால் உடம்பு எரியும் என்பார்கள். கணேசமூர்த்திக்கு எரிந்தது. "எம் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டணும்னு நீங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கிய. நல்லா இருங்க" என்று சொல்லிப் போனை வைத்தார். கையோடு குழுவிலிருந்தும் வெளியேறினார். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை என்று அந்த நிமிஷமே தெரிந்தது. திரும்பக் கூப்பிட வாய் வரவில்லை.

அதன்பின் போன் ஊமையாகிவிட்டது. தாலிக்கும் சீர்வரிசைக்கும் நடுவே, கை தன்னால் பைக்குள் போய்ப் போனை எடுக்கும், பார்க்க ஒன்றுமிருக்காது. வியாழக்கிழமை காலையில் மொட்டை மாடிக்குப் போனார். புயல் ஆந்திராவுக்குப் போயிருந்தால் இந்நேரம் மேற்கேயிருந்து காய்ந்த காற்று வீச வேண்டும். அவர் முகத்தில் அடித்ததோ கிழக்குக் காற்று, பிசுபிசுவென்று கடல் ஈரத்தோடு. கட்டடங்களை உரசுகிற மாதிரி தாழ்வாக மேகங்கள் கடலிலிருந்து ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தன. இதைப் படிக்க மாடல் வேண்டாம். மழைமானியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கீழே இறங்குவதற்குள் மண்டபத்து மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். "சார், ஆத்துல தண்ணி ஏறிக்கினே கீது. சமையக்கட்டு சாமானெல்லாம் மேல தூக்கினு கீறோம். நாளிக்கு இங்க நடத்த முடியாது சார், தப்பா நினைச்சுக்காத."

கணேசமூர்த்தி கூடத்தில் வந்து உட்கார்ந்தார். முத்துலட்சுமி தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"முத்து, நான் தப்பாச் சொல்லிட்டேன். புயல் இங்கதான் வருது. மண்டபம் இல்ல."

முத்துலட்சுமி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தாள். அதுதான் அவரை உலுக்கிவிட்டது. உள்ளேயிருந்து மருதாணிக் கையோடு லாவண்யா வந்தாள்.

"வழக்கமா மழை வரும்னு சொல்லுவீங்க, வராது. இந்தத் தடவை மாத்திச் சொல்லிட்டீங்க, அவ்வளவுதானேப்பா?" என்று சிரிக்கப் பார்த்தாள். பாதியில் உதடு கோணிக்கொண்டது.

பெரிய முகூர்த்தம். ஊரில் ஒரு மண்டபம் காலி இல்லை. பத்து இடத்தில் கேட்டுப் பத்து இடத்திலும் கையை விரித்தார்கள். தள்ளி வைக்கலாம் என்றால் சம்பந்தி வீட்டில் பெரியவர்களுக்குச் சகுனம் பெரிது. நின்ற கல்யாணம் என்ற பேச்சு லாவண்யாவின் தலையில் விடியும். மத்தியானம் ஆயிற்று. வெளியே தூறல் மழையாகிவிட்டிருந்தது. கடைசியில் மானத்தை விழுங்கிக்கொண்டு பங்கஜத்தைக் கூப்பிட்டார்.

"மேடம், அன்னைக்கு நான் பேசினது..."

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வருவா?"

கணேசமூர்த்திக்கு விளங்கவில்லை.

"லஸ் பக்கத்துல எங்க குடியிருப்புல முதல் மாடியில ஒரு ஹால் இருக்கு. தண்ணி நிக்காத தெரு, நானே அளந்திருக்கேன். நீங்க கோச்சுண்டு போனேளே, அன்னிக்கே பிடிச்சு வெச்சுட்டேன். வெளியாளுக்குத் தரமாட்டான்னு, எனக்கு அறுபதாம் கல்யாணம்னு எழுதிக் குடுத்திருக்கேன். நேக்குக் கல்யாணமே ஆகலைங்கறது செக்ரட்டரிக்கு இன்னும் ஞாபகம் வரலை. வர்றதுக்குள்ள நடத்திடுங்கோ."

இவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நன்றி என்று சொல்லத் தொடங்குவதற்குள் அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார். அடுத்த நிமிஷம் போன் ஒலித்தது. 'கணேசமூர்த்தி வீட்டுக் கல்யாணம்' என்ற குழுவில் அவரைச் சேர்த்திருந்தார்கள். அவர் கோபித்துக்கொண்டு வெளியேறிய அன்றைக்கே தொடங்கிய குழு. வங்கக்கடல் வாசலில் இருந்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஹாலுக்கு இன்வெர்ட்டர் லாரன்ஸ் கொண்டுவருகிறார். சமையற்காரரின் பாத்திரங்களைச் சைதாப்பேட்டையிலிருந்து நதீம் ஏற்றுகிறார். யாரோ வாழைமரத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் படித்தார். நான் தூற்றிவிட்டு வந்த மனிதர்கள் என் பெண்ணுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வெள்ளி விடியலில் வானம் பொத்துக்கொண்டது. வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. தொப்பலாக நனைந்த, ஒல்லியான ஆள் ஒருவர் படியேறி வந்தார்.

"அண்ணே, நான்தான் அடையாறு நதீம். பொண்ண இட்டுனு வா. மாப்ள வூட்ட லாரன்ஸு இட்டாந்துக்கினு கீறாரு. டைம் இல்ல."

குரல் மட்டும் பல வருஷப் பழக்கம். முகம் இன்றைக்குத்தான். கணேசமூர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாலிக்கு, அப்பாலிக்கு" என்று நதீம் உதறிவிட்டு, கூரைப் புடவைப் பெட்டியைப் பாலித்தீன் உறைக்குள் திணித்தார்.

வழி முழுக்கக் குழு கூடவே வந்தது. துரைசாமி சப்வே பக்கமே வராதீர்கள், கோடம்பாக்கம் பாலம் ஏறுங்கள் என்று ஒரு குரல். ஜி.என். செட்டி ரோட்டில் இடுப்பு, திரும்பிவிடுங்கள் என்று இன்னொன்று. ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் தம் தெருவில், கொட்டும் மழையில் இறங்கி நின்று தம் காலையே அளவுகோலாக வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் ரெயின்கோட் போட்ட பெண்மணி ஒருத்தி குடையை உயர்த்தி, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்! கணுக்கால்தான்!" என்று கத்தினாள். டெம்போ திரும்பியது. அவள் யார் என்று கணேசமூர்த்திக்குக் கடைசிவரை தெரியாது. அவளைப் பெற்றவர்கள் நன்றாக இருக்கட்டும்.

லஸ் முனையில் வண்டி அணைந்துவிட்டது. அங்கே முட்டித் தண்ணீர். நதீம் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். லாவண்யா சுடிதாரை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, அப்பா ஒரு கையும் அம்மா ஒரு கையும் பிடிக்க, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நடந்தாள். கல்யாணப் பெண் தண்ணீரில் வருகிறாள் என்று பால்கனிகளிலிருந்து யார் யாரோ கை தட்டினார்கள்.

ஹால் தயாராக இருந்தது. பங்கஜம் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றார்; இத்தனை மழையிலும் பன்னீர் தெளித்தார். மாப்பிள்ளை வெங்கடேஷ் வேட்டியைப் பிழிந்துவிட்டு மணவறையில் உட்கார்ந்திருந்தான். சம்பந்தி, "கேரண்டி நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிக் கணேசமூர்த்தியின் தோளில் தட்டினார்.

லாவண்யா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஐயர் நிமிர்ந்து, "தாய்மாமன் எங்கே? மாலை போட்டுக் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு வரணும்" என்றார்.

முத்துலட்சுமிக்கு ஒரே தம்பி. நேற்று சாயங்காலம் திருநெல்வேலியில் ரயில் ஏறியவன். தண்டவாளத்தில் தண்ணீர் என்று செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கமே ரயிலை நிறுத்திவிட்டார்கள். உறவில் பாதிப் பேர் வந்து சேரவில்லை. பங்காளி முறையில் ஒருவர் எழுந்து, "நான் வேணா..." என்று இழுத்தார்.

முத்துலட்சுமி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கதவோரம், சொட்டச் சொட்ட நனைந்தபடி, உள்ளே வந்தால் சமுக்காளம் ஈரமாகிவிடும் என்று நின்றுகொண்டிருந்தார் நதீம்.

"தம்பி, இங்க வாங்க."

"இன்னாக்கா, வண்டி எடுக்கணுமா?"

"வண்டி இல்ல. மாலையைப் பிடிங்க. ஒங்க மருமகளைக் கூட்டிட்டுப் போயி உக்கார வைங்க."

நதீம் ஐயரைப் பார்த்தார், கணேசமூர்த்தியைப் பார்த்தார். "அக்கா, நான் போய் எப்புடி..."

"எந் தம்பி வந்திருந்தாலும் இந்தத் தண்ணியில பெட்டியத் தலையில தூக்கிட்டு வந்திருப்பானான்னு எனக்குத் தெரியல. யோசிச்சுக்கிட்டே நிக்காதிய, நல்ல நேரம் போவுது."

சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லாவண்யா அதற்குள் கையை நீட்டி, "வாங்க மாமா" என்றாள்.

நதீம் முன்னால் வந்தார். ஈரக் கையை எதில் துடைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். சட்டையோ கையைவிட ஈரம். கணேசமூர்த்தி தன் தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து, அந்த இரண்டு கைகளையும் தானே துடைத்துவிட்டார்.