நாலாம் வீட்டுக் கதவு

கிழக்கு வெளுப்பதற்குள் சித்தாள் வேம்பு பதினெட்டுக் குடம் தண்ணீர் சுமந்து முடித்திருந்தாள். சாந்தோம் சந்தின் பொதுக்குழாயிலிருந்து அந்த வரிசை வீடுகள் நூற்றிருபது தப்படி. பத்தொன்பதாவது குடத்தை இறக்கியபோது இடுப்பு நிமிர மறுத்தது. சுவரைப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு சல்லடையை எடுத்தாள். சிமெண்டு அரித்த விரல் வெடிப்புகளில் மணல் புகுந்து எரிந்தது. தை மாதத்துக் கடற்காற்று அந்த எரிச்சலைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை.

கொத்தனார் குலாம் ரசூல் நாலாம் வீட்டினுள் மண்டியிட்டிருந்தார். மட்டப்பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக்குள் குமிழ் நடுவில் நிற்கும்வரை மூச்சையும் அளந்தே விட்டார். மூன்று வாரத்தில் அவருக்கும் வேம்புவுக்கும் கிடைத்த முதல் வேலை அது.

அந்த வீட்டின் சிமெண்டுத் தரை நடுவில் குழிந்து, ஓரங்களில் மேடு தட்டிக் கிடந்தது. குடியிருந்த ஃப்ளோரன்ஸ் இரண்டு ஆண்டுகளாக முறையிட்டும் வீட்டுக்காரர் அய்யாதுரை காதில் வாங்கவில்லை. சென்ற ஐப்பசியில், கொதிக்கும் கஞ்சிப்பானையுடன் அந்தக் குழியில் இடறி விழுந்தாள். பள்ளிக்கூட ஆயா வேலைக்கு இன்னும் நொண்டிக்கொண்டுதான் போய்வந்தாள். அப்போதும் அய்யாதுரை எட்டிப் பார்க்கவில்லை. இப்போது, யாரும் கேட்காமலே, நான்கு வீட்டுத் தரைகளையும் தம் செலவில் சமன்செய்து தருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பத்து நாள் அனைவரும் சாமான்களோடு வெளியேற வேண்டும்; சாவிகள் அவரிடம் இருக்கும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஊரே அனுமதிச்சீட்டோடு அலைந்த நாளில், வாசலில் பன்னிரண்டு மூட்டைகள் இறங்கியிருந்தன.

கருணை பன்னிரண்டு மூட்டைகளாக வந்ததுதான் ஃப்ளோரன்ஸை உறுத்தியது.

"இன்னா பாய், பத்து நாளு போதுமா? அப்பறம் பத்து மாசம்னு சொல்லுவீங்களா?"

"நான் தரை போடறவன்மா. நாள் சொல்றது ஓனரு."

"ஓனரு ஆளுதானே நீங்க?"

"அவுரு ஓனரு ஆளுன்னா, நான் இன்னா ஓனரு பொண்டாட்டியா?" என்றாள் வேம்பு. "பொண்டாட்டியா இருந்தா கொடம் தூக்குவனா யக்கா?"

ஃப்ளோரன்ஸ் சிரிக்கவில்லை. வாசற்படியைவிட்டு நகரவும் இல்லை.

சாலையோரமிருந்த முதல் வீட்டின் தரையிலிருந்து மட்டம் எடுத்து, நான்கு வீடுகளிலும் ஒரே உயரத்தில் கோடு போட வேண்டும் என்பது அய்யாதுரையின் உத்தரவு. மூன்று வீடுகளில் முதல்நாளே முடிந்துவிட்டது. நீலம் தோய்த்த நூலை வேம்பு ஒரு முனையில் பிடிக்க, குலாம் ரசூல் மறுமுனையை இழுத்துச் சுண்டினார். சுவரில் நீலக்கோடு விழுந்தது.

அவர் கோட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தரைக்கும் கோட்டுக்கும் நடுவே கையை விரித்து வைத்தார். சரியாக ஒரு சாண். கடலை நோக்கிச் சரிந்த மண்ணில், ஒவ்வொரு வீடும் முந்தையதைவிட நாலு விரல் இறங்கியிருந்தது.

"வேம்பு, இந்தக் கதவு எந்தப் பக்கம் தொறக்குது?"

"உள்பக்கம். கண்ணு போச்சா உனக்கு?"

"தரை கோடு வரைக்கும் வந்தா?"

வேம்புவின் கையிலிருந்த நூல் தளர்ந்தது. "தொறக்காதே பாய்."

குலாம் ரசூல் ஃப்ளோரன்ஸின் பக்கம் திரும்பினார். "ஒரு வூட்டுத் தரைய சமம் பண்ண, அந்த வூட்டுக்குள்ள கோடு போட்டாப் போதும்மா. நாலையும் ஒரே மட்டமா கேக்கறவரு நடுவுல செவுரு வெச்சிக்கப் போறதில்ல. கதவும் வெச்சிக்கப் போறதில்ல. கிடங்கு கட்டப் போறாரு."

புதிய வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவரை வெளியேற்றக் காரணம் காட்டியாக வேண்டும். தாமாகவே சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம் காட்ட வேண்டியதில்லை. நூலால் போட்ட கோட்டை யாரும் படிக்கமாட்டார்கள் என்பது அய்யாதுரையின் நம்பிக்கை.

ஏழு மணிக்கு அவருடைய ரிக்‌ஷா வந்தது.

"கோடு போட்டாச்சா பாய்?"

"போட்டாச்சுங்க. இந்தக் கதவு எப்படித் தொறக்கும்?"

அய்யாதுரை கதவைப் பார்க்கவில்லை, ஃப்ளோரன்ஸைப் பார்த்தார். "அடியில சீவிட்டாப் போச்சு."

"ஒரு சாணு சீவணும். வாசலும் ஒரு சாணு குள்ளமாயிடும். ஆயாம்மா தவழ்ந்து போவாங்களா?"

"உன்னைக் கோடு போடச் சொன்னேன். கேள்வி போடச் சொல்லலே."

"செவுரு இடிக்கிறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அதுக்கு வேற கூலி."

"யாரு இடிக்கிறது? ரிப்பேருய்யா. இந்தம்மா காலு வெந்துதேன்னு..."

"என் காலு ஐப்பசில வெந்துது," என்றாள் ஃப்ளோரன்ஸ். "உங்களுக்குத் தையிலதான் சுட்டுதா?"

அய்யாதுரை குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை நாலு சாவியும் என் கைக்கு வரணும். இல்லேன்னா கோர்ட்டு."

"பாதிப் பாதியாப் போடலாங்க," என்றார் குலாம் ரசூல். "ஒரு பாதி காயறப்ப மறுபாதில கட்டில் கெடக்கும். யாரும் வெளிய போவ வேணாம்."

"வேணாம். லஸ் முனையில நூறு கொத்தனார் நிக்கிறான்."

"நிக்கிறாங்க. நாளைக்கு நானும் நிப்பேன்."

அவர் ரசமட்டத்தைத் துணியில் சுற்றினார். ரிக்‌ஷா போனதும் வேம்பு குடங்களைப் பார்த்தாள். "பத்தொம்பது கொடம் பாய். கொட்டிடவா?"

"கொட்டாதே."

அன்று மாலை ஃப்ளோரன்ஸ் மூன்று வீட்டாரையும் அழைத்துவந்து கோட்டையும் கதவையும் காட்டினாள். முதல் வீட்டு மரியதாஸ், அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர், தாடையைத் தடவினார். "எங்க வூட்டுத் தரை ஏறலியே. கதவு நல்லாத்தான் தொறக்கும்."

"தொறக்கும் மாமா. தொறந்தா உள்ள அவுரு மூட்டை இருக்கும். நீங்க எங்க இருப்பீங்க?"

 மரியதாஸ், வெளியேறும் நாளில் வீட்டைப் பூட்டவென்று வாங்கிவைத்திருந்த புதுப்பூட்டை எடுத்துவைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார்.

மறுநாள் விடியுமுன்பே குலாம் ரசூல் லஸ் முனையில் நின்றவர்களிடம் கதவின் கதையைச் சொல்லியிருந்தார். விடியலில் அங்கே அய்யாதுரையின் ரிக்‌ஷா நின்றது. கரணையும் பூச்சுத் தேய்க்கும் மணியாசுக்கட்டையும் ஏந்தி நின்றவர்களில் முதல் கொத்தனார் பணிவாகவே கேட்டார்: "அந்த நாலாம் வூட்டுக் கதவு எந்தப் பக்கம் தொறக்கும் சாமி?" இரண்டாமவரும் அதையே கேட்டார். மூன்றாமவர் வாயைத் திறக்குமுன் சித்தாள்கள் சிரித்துவிட்டார்கள். ரிக்‌ஷா மந்தைவெளிப் பக்கம் திரும்பியது. அங்கேயும் கொத்தனார்கள் நின்றார்கள். சித்தாள் வேலைக்கு வந்த வேம்புவின் தங்கையும் நின்றாள்.

அன்று குலாம் ரசூலையும் யாரும் வேலைக்கு அழைக்கவில்லை. அவர் சாந்தோமுக்கு நடந்தார். பன்னிரண்டு மூட்டைகளையும் அய்யாதுரை அனுப்பிய வண்டி ஏற்றிக்கொண்டு போயிருந்தது. சிமெண்டுக்குப் பதிலாகப் பட்டினப்பாக்கத்திலிருந்து வந்த கிளிஞ்சல் சுண்ணாம்பையும் செங்கல் தூளையும் நான்கு வீட்டாரும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். வேம்பு இருபதாவது குடத்தை இறக்கினாள். இருபத்தொன்றாவதை மரியதாஸ் கொண்டுவந்தார், பாதி வழியில் சிந்தியபடி.

"நைனா, எழுத்து கோக்கற கை இது," என்றாள் வேம்பு. "கொடத்தை என்கிட்ட குடு."

கட்டில் ஒரு பாதியில் கிடந்தது. மறுபாதியில் நூல் சுண்டியது. புதிய கோடு, அந்த வீட்டின் வாசற்படியிலிருந்தே எடுத்தது, பழைய கோட்டுக்கு நன்கு கீழே விழுந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கோர்ட்டு அறிவிப்பு வரும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஃப்ளோரன்ஸ் கதவை மூடினாள். புதுக்கோட்டின்மேல் கண்ணை வைத்தபடியே அதை உள்ளே இழுத்தாள்.

கதவின் அடி கோட்டுக்கு மேலாகவே நகர்ந்து, தடையின்றித் திறந்தது. வெளியே மூன்று வீட்டாரும் சுண்ணாம்புச் சட்டிகளோடு நின்றிருந்தார்கள்.