விரதச் சட்டிக்கு முன் ஏறிய மீன்

கந்தசஷ்டி நாலாம் நாள் காலையில் நான் சட்டி தேய்த்தேன். ஒருவருக்கு மட்டும் சோறு ஆகிற சின்ன மண்சட்டி. அடியில் பிடித்திருந்த கரியைத் தும்பாலும் சாம்பலாலும் தேய்த்துப் போக்கி, கழுவிக் கவிழ்த்தேன். ஈரம் காய்ந்ததும் ஒரு சுண்டு பச்சரிசியும் இரண்டு வாழைக்காயும் சேர்த்துப் பையில் போட்டு என் கணவரிடம் கொடுத்தேன். அது 2004 நவம்பர் பதினாறு, செவ்வாய்க்கிழமை.

"உன்ட அண்ணனுக்கு இண்டைக்கும் பசிதான்," என்றார் அவர். "என்ட சட்டி இறங்கும் மட்டும் மீனைப் பாத்துக்கிட்டு இரிக்கணும். நேத்து மீனோட கதைச்சவரு."

"மாமா மீனோட என்ன கதைச்சவரு?" என்று கேட்டாள் மகள் தக்சிகா. அவளுக்குப் பதின்மூன்று வயது.

"கொஞ்சம் பொறு, மறுகா வாறன் எண்டு."

அவள் சிரித்தாள். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

அவர் பெயர் ஏரம்பமூர்த்தி. எங்கள் வீடு கல்லடியில், கடற்கரைக்குக் கிட்ட இருந்தது. வயல் வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டையில் இருந்தது. ஆறு ஏக்கர், எனக்குச் சீதனமாக வந்த காணி. என் அண்ணன் பூபாலரெத்தினம்தான் அதைச் செய்துவந்தார். எங்கள் பக்கம் காணி பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். ஆண்பிள்ளைகள் மனைவியின் வீட்டில் போய் இருப்பார்கள். அண்ணன் அதைப்பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. காணியை விற்று மகளைக் கொழும்பில் படிக்க வைப்போம் என்று என் கணவர் அந்த மாதம்தான் அவரிடம் சொல்லியிருந்தார். அதற்கும் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

இருவரும் வயல் வாடிக் குடிசையில் பகலில் சமைப்பார்கள். சஷ்டியில் என் கணவருக்கு ஒருநேரச் சாப்பாடு. விரதக்காரர் இருக்கும் இடத்தில் அவருடைய சட்டிதான் அடுப்பில் முதலில் ஏறவேண்டும். அது இறங்கும்வரை மீனோ இறைச்சியோ அடுப்புக்குக் கிட்ட வராது. இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவது போல.

பத்தரை மணிக்கு வாய்க்கால் கட்டின் மேல் வைத்து என் கணவரைச் சுட்டார்கள். அந்நாட்களில் இயக்கத்தின் கையிலிருந்த அந்தக் கரைக்குப் பொலிஸ் போவதில்லை. இயக்கம் இரண்டாகப் பிரிந்து சுட்டுக்கொண்டிருந்த வருடம். உடலைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றி, வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மரண விசாரணையில் 'இனந்தெரியாத ஆயுததாரிகள்' என்று எழுதினார்கள். எழுதியவர் பேனையை மூடும்போது, "இந்தக் கிழமையில இது அஞ்சாவது" என்றார். அவருக்கும் அலுப்பு.

பையை அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். அரிசி அப்படியே இருந்தது. சட்டியின் அடியில் கரி இல்லை.

செத்தவீட்டுக்கு ஏறாவூரிலிருந்து அசனார் காக்கா வந்தார். வயலுக்கு உரம் கொண்டுவருகிறவர். அன்று பத்து மணிக்கு வாடிக்குப் போயிருக்கிறார். அவர் அழுதுகொண்டே சொன்னார்:

"பெருநாள் கழிஞ்சி எனக்கு ஆறு நோன்பு, அவருக்கும் ஆறு நாள் விரதம். 'காக்கா, ரெண்டு பேரும் ஒண்டாப் பட்டினி கிடப்பம்' எண்டு போன தரம் பகிடி வுட்டாரு. நான் போகக்குள்ள அவரக் காணல்ல, கட்டுப் பாக்கப் போயிட்டாராம். உங்கட அண்ணன் விரால் மீன் ஆணம் வெச்சிக்கிட்டு இருந்தாரு புள்ள. அந்த மணம் எனக்கு வகுத்தப் பிசைஞ்சிட்டு. 'ஒரு துண்டு பாக்கிறயா காக்கா?' எண்டு என்ன நக்கலடிச்சாரு."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். யோசிக்கவில்லை.

நாற்பது நாள் கழித்துக் கடல் வந்தது. அன்று நான் வாவிக்கு அப்பால் இருந்தேன். பயிரைப் பார்க்க வரும்படி அண்ணன் கூப்பிட்டிருந்தார். தக்சிகாவுக்கு டியூஷன் இருந்ததால் அவள் கல்லடியில் நின்றாள். வீடும் சட்டியும் போயின. அண்ணன் மூன்று நாள் வாவிக்கரைக் கண்ணாப் பற்றைக்குள் தேடி, அவள் உடலைக் கண்டெடுத்துத் தோளில் தூக்கிவந்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

அதன்பிறகு அவருடைய வீட்டில்தான் இருந்தேன். உண்மையில் அது அவர் மனைவி சீதேவிப்பிள்ளையின் வீடு. மச்சாள் எனக்கு ஓர் அறை ஒதுக்கினார்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் துசாந்தன் என்பவன் வேறொரு வழக்கில் பிடிபட்டான். என் கணவரைச் சுட்டது தானே என்று நீதவானிடம் சொன்னான். இயக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இரண்டு ஏக்கர் விதைக்கத் தருவதாகப் பூபாலரெத்தினம் சொன்னார், பத்து மணி வாக்கில் ஆளைத் தனியே கட்டுக்கு அனுப்புவதாகவும் சொன்னார் என்றான். அரசாங்கம் துசாந்தனுக்கு மன்னிப்பு வழங்கிச் சாட்சியாக்கியது. அண்ணனைப் பிடித்து மறியல் வீட்டில் அடைத்தார்கள்.

அரச சட்டத்தரணி இளம்பெண். என்னைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார்.

"அம்மா, கூட்டாளியின் பேச்சை மட்டும் வைத்துத் தண்டனை கேட்க ஏலாது. இரண்டு பேர் சதி பேசினதை யாரும் காணவில்லை. அவர்கள் செய்ததை வைத்துத்தான் காட்டவேணும். உங்கட கணவர் திரும்பி வருவார் என்று நினைக்கிற ஆள் செய்யாத ஏதாவது ஒன்றை அண்ணன் அன்றைக்குச் செய்தாரா? சாவுக்கு முதல்? இல்லையென்றால் அவர் வீட்டுக்குப் போயிடுவார்."

அவர் போகும் வீட்டில்தான் நான் இருந்தேன்.

 "மீன் சமைச்சவர்," என்றேன்.

சட்டத்தரணிக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்தது.

விசாரணை நாட்களில் சாட்சிகள் உட்கார ஒரே வாங்கு. துசாந்தனும் நானும் ஒரே பக்கத்துச் சாட்சிகள். நான் வந்ததும் அவன் ஒதுங்கி இடம் தந்தான். "இரிங்க அக்கா," என்றான். இருந்தேன்.

அசனார் காக்கா தான் கண்டதைச் சொன்னார். அடுப்பில் மீன். சின்னச் சட்டி நனையாமல், பையோடு முளையில் தொங்கியது. அண்ணனுக்காக வந்த எதிர்ச் சட்டத்தரணி எழுந்தார்.

"ஆறு வருடத்துக்கு முந்திய மீன் உங்களுக்கு ஞாபகமா?"

"நோன்போட மணந்த மீன் ஐயா. மௌத்தாகும் மட்டும் மறக்காது."

நீதிபதி குனிந்து எதையோ எழுதினார்.

அடுத்து என் முறை.

"அந்தச் சட்டி எங்கே?"

"கடல் கொண்டுபோயிற்று."

"பையும் அரிசியும்?"

"அதுவும்."

"ஆக, இல்லாத ஒரு சட்டியை வைத்து உங்கள் கூடப்பிறந்தவரைக் கொலைகாரன் என்கிறீர்கள். அம்மா, ஆண்கள் வாடியில் சமைக்கிறார்கள். எது முதல், எது பிறகு என்று பார்ப்பார்களா? உங்கள் அண்ணன் இந்த ஒழுங்கெல்லாம் பார்க்கிற ஆளா? பசித்தது, சமைத்தார். அவ்வளவுதானே?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கத் தேவையில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அண்ணன் கூண்டில் நின்று என்னைப் பார்த்தார். மெலிந்திருந்தார். தக்சிகாவைத் தூக்கிய தோள் சேட்டுக்குள் சரிந்திருந்தது. ஓம் என்று சொன்னால் போதும், அவர் வீட்டுக்குப் போயிடுவார்.

"பார்ப்பார்," என்றேன். "நான் அவர் வீட்டில் அஞ்சு சஷ்டி பிடிச்சன். அஞ்சிலும் என்ட சட்டி இறங்கும் மட்டும் அவர் குசினி வாசலில் நிப்பார். ஒருக்கா மச்சாள் மறந்துபோய் மீன்சட்டியை வைக்க, அதைத் தூக்கி முற்றத்தில் ஊத்தினவர். என்னை விட அவருக்குத்தான் அதில் கவனம்."

எதிர்ச் சட்டத்தரணி உட்கார்ந்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் பொய் சொன்னதாக அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

தீர்ப்பில் மீனைப்பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. விரதக்காரர் திரும்பி உண்ண வருவார் என்று எதிர்பார்த்திருந்தால், குற்றம் சாட்டப்பட்ட இந்த எதிரி அந்த அடுப்பில் முதலில் மீனை ஏற்றியிருக்கமாட்டார் என்று நீதிபதி எழுதியிருந்தார். மரண தண்டனை. இந்த நாட்டில் அதை நிறைவேற்றுவதில்லை. உள்ளே இருப்பார்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது துசாந்தனும் வந்து நின்றான். அவனுடைய பஸ் முதலில் வந்தது.

"அக்கா, வாறன்," என்றான்.

"ஓம்," என்றேன். வேறென்ன சொல்வது.

கல்லடிக் காணியில் வீடு கட்ட விடவில்லை. கடலுக்குக் கிட்ட என்றார்கள். ஆகவே மச்சாளின் வீட்டுக்கே திரும்பிப் போனேன். அவர் கதவைச் சாத்தவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவும் இல்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். அண்ணனைப் பார்க்க மறியலுக்குப் போய்வரும் நாட்களில் அதுவும் இல்லை.

அந்த வருடம் சஷ்டி வந்தது. முதல் நாள் நான் சட்டியைத் தேய்த்துக்கொண்டு குசினிக்குள் போனேன். மச்சாள் மீனை வெட்டிக் கழுவி, புளியும் கரைத்து, எல்லாம் சட்டியில் போட்டு முடித்திருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

மீன்சட்டி தரையில் இருந்தது. என் சோறு வெந்து இறங்கும்வரை அங்கேயே இருந்தது.