கியர் கம்பியில் ஊதா வளையம்

பல் செட் செய்து பிழைக்கிறவளுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஐந்து நாள் முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பல் செதுக்குவாள். கால் மில்லிமீட்டர் தூக்கலாக இருந்தால் போதும், மாட்டிக்கொண்டவர் கன்னத்தைப் பிடித்தபடி திரும்பி வந்துவிடுவார். சனிக்கிழமையானால் அதே இடுக்கி, அதே உருப்பெருக்கி விளக்கு, அதே மெல்லிய தூரிகை எல்லாம் வீட்டு மேசைக்கு வந்துவிடும். மேசைமேல் பல்லுக்குப் பதில் கார் இருக்கும்.

பொம்மைக் கார் என்று மட்டும் அவள் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. நூற்று நாற்பது பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும் பழைய ஸ்டாக் கார்கள் அவை. ஸ்டாக் கார் பந்தயத்துக்கென்றே பிறந்ததல்ல. ஒரு காலத்தில் கடையில் விற்ற சாதாரணக் கார்தான். உள்ளே இருப்பதையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, வட்டப் பாதையில் விரட்டுவார்கள். அதை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கி உள்ளங்கையில் நிறுத்துவது இவள் வேலை. அலமாரியில் பதினெட்டு நின்றன. பத்தொன்பதாவது மேசைமேல் பாதியில் இருந்தது. எண் எழுபத்தொன்று, அவள் கணவன் ஓட்டிய கார்.

நாலு வருடத்துக்கு முன் அந்தக் கார் அவனை உள்ளே வைத்துக்கொண்டு மூன்று குட்டிக்கரணம் போட்டது. அவனைப் பிழைக்க வைத்த மருத்துவர், மண்டையில் இன்னொரு அடி விழுந்தால் என்னிடம் கொண்டுவராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவன் வாக்குக் கொடுத்தான்.

"நம்ம வீட்டு ஆளு யாரும் இனிமே அந்தக் கார்ல கால் வைக்க மாட்டாங்க. போதுமா?"

போதும் என்றாள். கார் அவன் கூட்டாளி மொட்டையின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. மொட்டை என்பது பட்டப்பெயர்தான். அவர் தலையில் இருக்கும் முடியை வைத்து நாலு பேருக்கு விக் செய்யலாம்.

அடுத்த மாதம் கணவனுக்கு ஐம்பது நிறைகிறது. அன்றைக்கு அவன் முன்னால் எழுபத்தொன்றை வைத்து அவன் கண் கலங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் திட்டம். மொட்டையிடம் ரகசியமாகப் படம் கேட்டாள். அவர் பழைய படங்கள் இருபதை அனுப்பினார். எல்லாம் வெளிப்பக்கம். உள்ளே எப்படி இருந்தது என்று தெரியாமல் மாடல் கட்டுவதும், வாயைப் பார்க்காமல் பல் செய்வதும் ஒன்றுதான்.

"அண்ணே, உள்ளே எடுத்து அனுப்புங்கண்ணே. சீட்டு, ஸ்டியரிங், கியரு எல்லாம் தெரியணும். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

"நான் ஏம்மா சொல்லப் போறேன்? என் வாயில பூட்டுதான்."

பூட்டுத்தான் போட்டார். ஆனால் காரை அப்படியே படம் எடுத்து அனுப்பிவிட்டார். பட்டறைக்காரர்களுக்கு ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் பத்தடி தூரத்திலேயே கண்ணில் படும். அந்தப் போல்ட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருப்பது மட்டும் படாது.

இவளும் லேசுப்பட்டவள் அல்ல. படத்தில் இருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இருக்கை பெட்டியில் சொன்ன இடத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் முன்னால் இருந்தது, முன்னால் ஒட்டினாள். ஸ்டியரிங்கில் வெள்ளைத் துணி டேப் சுற்றியிருந்தது, சுற்றினாள். கியர் கம்பியில் ஊதா நிறத்தில் ஏதோ வளையம் மாட்டியிருந்தது. ஒயரைக் கட்டும் ரப்பராக இருக்கும் என்று நினைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, தூரிகை நுனியால் ஊதாவில் ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோடு அவ்வளவு பாந்தமாக வந்ததில் அன்று முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அதெல்லாம் போன வாரம். இந்தச் சனிக்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லை. பத்தொன்பது வயது மகளுக்கு நீச்சல் பயிற்சி. கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது அப்பா. ஆறு மாதமாக இதுதான் வழக்கம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போவார்கள், மகள் ஈரத் தலையோடு வருவாள், இவள் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள்.

ஸ்டியரிங்கைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று படத்தை விளக்குக்கடியில் வைத்தாள். டேப் சுற்றின் மேல்பக்கம் இரண்டு விரல் அளவு வெறுமையாக விட்டிருந்தது. முடிவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு குறுக்குக் கட்டு. அப்படிக் கட்டுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். வீட்டுத் துடைப்பக் கட்டையைக்கூட அவன் அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறான்.

நாலு வருடத்துக்கு முந்திய டேப் பால் வெள்ளையாக இருக்குமா?

ஓட்டுகிறான். இந்த மனுஷன் மறுபடி ஓட்டுகிறான்! நீச்சலும் இல்லை, குளமும் இல்லை. பிள்ளையை எங்கேயோ இறக்கிவிட்டுவிட்டு, மண்டையைக் கொடுக்கப் போயிருக்கிறான். எழுந்து நின்றாள். நின்றவள், இத்தனை வருடப் பழக்கம் விடாமல், அளந்து பார்த்துவிடலாம் என்று மறுபடி உட்கார்ந்தாள்.

காருக்குள் உட்கார வைக்க அவனுடைய ஆறடிக்குச் சரியான அளவில், கை கால் மடங்குகிற மாதிரி ஒரு ஆள் உருவம் செய்து வைத்திருந்தாள். காரின் மேல்கூடு இன்னும் ஒட்டாமல் இருந்தது. அதைத் தூக்கிவிட்டு உருவத்தை இருக்கையில் வைத்தாள். உட்காரவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். ஊகூம். நாலு மில்லிமீட்டரை இருபத்துநாலால் பெருக்கினால் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர். அவ்வளவு முன்னால் தள்ளிய இருக்கையில் அவன் கால் மடங்கவே மடங்காது.

அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். அவன் இல்லை. டேப் மட்டும்தான் சுற்றிக் கொடுத்திருக்கிறான். அப்படியானால் ஓட்டுவது மொட்டையா? அவர் வயிறு அந்த ஜன்னலுக்குள் நுழையவே ஒரு நாள் ஆகும். யாரோ ஒரு குள்ளமான ஆள். எவ்வளவு குள்ளம்?

கத்தியால் உருவத்தின் காலிலும் இடுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி ஒட்டினாள். மூன்றாவது முறை அச்சில் வார்த்ததுபோல உட்கார்ந்தது. வெளியே எடுத்து நிமிர்த்தி அளந்தாள். அறுபத்துநாலரை மில்லிமீட்டர். பெருக்கினாள். கிட்டத்தட்ட நூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்.

அந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தலையைத் தூக்கினாள். எதிரே, அறைக் கதவின் நிலையில், மகள் வளர வளரக் கிழித்த பென்சில் கோடுகள். கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 155.

அப்புறம்தான் கியர் கம்பியைப் பார்த்தாள். ஊதா வளையம். மகள் தலைமுடி கட்டும் ரப்பர். குளியலறையில், சோபா இடுக்கில், எங்கே திரும்பினாலும் கிடக்குமே, அதே ஊதா. அதை மூச்சடக்கித் தன் கையாலேயே வரைந்திருக்கிறாள். வரைந்துவிட்டு அழகு பார்த்திருக்கிறாள்!

இதற்கு அவனே ஓட்டியிருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. ஓடிய நினைப்பைப் பார்த்து இன்னொரு முறை அதிர்ந்தாள்.

அதோடு முடிந்திருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. உருவத்தை மறுபடி இருக்கையில் வைத்து, ஈயத்தாளில் வெட்டி வைத்திருந்த பெல்ட்டுகளைத் தோளுக்கு மேலாக இழுத்தது. தோள் பெல்ட்டுகள் இரண்டும் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே ஓடும் ஒரு குழாயில் கட்டியிருக்கும். அந்தக் குழாய் ஓட்டுகிறவரின் தோள் மட்டத்துக்கு இருக்க வேண்டும். படத்தில் குழாய் பழைய இடத்திலேயே இருந்தது. அது அவள் கணவனின் தோள் மட்டம். நறுக்கிய உருவத்தின் தோளுக்கு மேல் பெல்ட் தொடாமல், காதை ஒட்டி, அந்தரத்தில் நின்றது.

மேல்கூட்டை மூடினாள். காரைப் பழைய செருப்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வாயால் சொன்னால் அந்த ஆண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சமாதானம் சொல்லி மழுப்பிவிடுவார்கள். கண்ணால் பார்த்தால் மழுப்ப முடியாது. வாடகை வண்டிக்காரர் குண்டும் குழியுமான பாதையில் தூக்கித் தூக்கிப் போட்டார். மெதுவாகப் போங்கள் என்று சொல்ல வேண்டிய வாய், சீக்கிரம் சீக்கிரம் என்றது.

அவன் முன்பு ஓட்டிய அதே பந்தயப் பாதையில் ஒரே ஒரு கார் சுற்றிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்று. தடுப்புச் சுவரோரம் கணவன் ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக நின்றான். மொட்டைதான் முதலில் திரும்பினார்.

"ஐயோ, தங்கச்சி..."

கணவன் திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை.

"இங்க பாரு, நானே சொல்லணும்னுதான்... நாளைக்குத்தான் அவளுக்கு முதல் ரேஸ். முடிஞ்சதும் சொல்லிடலாம்னு..."

"வண்டிய நிறுத்துங்க."

"ரொம்ப பத்திரமாத்தான் ஓட்டுறா. எல்லாத்தையும் நானே பார்த்துப் பார்த்து..."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

அந்தக் குரலை இருபத்திரண்டு வருடத்தில் அவன் கேட்டதில்லை. மொட்டை சிவப்புக் கொடியைத் தூக்கி ஆட்டினார். கார் உறுமிக்கொண்டே வந்து நின்றது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்து மிரண்டன.

"அம்மா... நீ எப்படிம்மா..."

இவள் ஜன்னல் வழியே கையை நுழைத்தாள். மகளின் தோளுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே முஷ்டியை வைத்தாள். முஷ்டி எதிலும் படாமல் முழுதாக உள்ளே போய் வெளியே வந்தது.

"பார்த்தீங்களா?" என்றாள் கணவனிடம்.

அவன் பார்த்தான். சீட்டைத் தள்ளியவன், பெடலுக்குக் கட்டை வைத்தவன், டேப் சுற்றியவன், அந்தக் குழாயை மட்டும் தொடவேயில்லை. தன் தோளுக்கு என்று தானே அளந்து பற்றவைத்த குழாய் அது. ஆறு மாதம் மகள் அதற்குள் உட்கார்ந்து ஓட்டியும், அவனுக்குள் அந்தக் கார் இன்னும் அவனுடைய காராகவே இருந்திருக்கிறது.

"கொஞ்சம் லூசா இருந்தாத்தான் எனக்கு வசதியா இருக்கும்மா," என்றாள் மகள், உள்ளேயிருந்து. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டிக்கிறேன். ப்ளீஸ்மா."

இவள் செருப்புப் பெட்டியைக் காரின் முன்மூடிமேல் வைத்தாள். "இது உன் வண்டி. இதுக்குள்ள நீ இருக்க. உன் அளவுக்கு நறுக்கி, பெல்ட்டெல்லாம் மாட்டி, உட்கார வச்சுத்தான் வீட்ல இருந்து எடுத்துட்டு வந்தேன்." பெட்டியைத் திறந்து குட்டிக் காரின் மேல்கூட்டைத் தூக்கினாள்.

இருக்கை காலியாக இருந்தது. பெல்ட்டுகள் இரண்டும் போட்டது போட்டபடியே இருந்தன. வாடகை வண்டி குலுங்கிய குலுக்கலில் உருவம் பெல்ட்டுக்கு அடியில் நழுவி, ஸ்டியரிங்குக்குக் கீழே, கழுத்து முறிந்து கிடந்தது.

காட்ட வந்தவளே இதை எதிர்பார்க்கவில்லை. கணவன் அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். மொட்டை குழாய் வெட்டும் மெஷினை எடுக்கப் போனார்.

மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தாள். பிறகு எஞ்சினை நிறுத்தினாள். பெல்ட்டைக் கழற்றினாள், ஹெல்மெட்டைக் கழற்றினாள். கியர் கம்பியிலிருந்த ஊதா ரப்பரை உருவி, வியர்வையில் நனைந்திருந்த தலைமுடியை வாரிக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.