கொத்தளத்து இருட்டு

தேவனஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பாதுரை கோட்டைக்கு வழி கேட்டான், கன்னடத்தில். அதில் வியப்பில்லை. தமிழர்கள் நிறைந்த மர்பி டவுனில் பிறந்தவர்களுக்கு இரண்டு மொழியும் ஒரே வாயில் கிடக்கும். ஆனால் வழி கேட்டுவிட்டு மனைவி எல்லம்மாவிடம் திரும்பி, அவளிடமும் கன்னடத்திலேயே, பார்த்து நட என்றான்.

தொண்ணூற்றொன்று டிசம்பரிலிருந்து இப்படித்தான். காவிரிக்காக ஊர் பற்றியெரிந்த அந்த மாலை, பட்டறையிலிருந்து வந்தவனின் சைக்கிளை யாரோ நிறுத்திப் பெயர் கேட்டிருக்கிறார்கள். ஹனுமந்தப்பா என்று சொல்லித் தப்பி வந்தான். முதலில் தெருவில் மட்டும் தமிழை விட்டான். பிறகு வீட்டில் சன்னலைச் சாத்திவிட்டுப் பேசினான். பொங்கலுக்குள் அதுவும் நின்றது. தூக்கத்தில் உளறுவதுகூடக் கன்னடமாகிவிட்டபோது, பக்கத்தில் படுத்திருப்பது யாரென்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்த ஹனுமந்தப்பாவுக்கு அவள் சமைத்தாள், துவைத்தாள். தன் புருஷன் அந்தச் சைக்கிளோடு எங்கோ நின்றுவிட்டான் என்று தோன்றும். ஊரை விட்டு ஒரு நாள் தள்ளிப் போனால் திரும்பி வருவானோ என்றுதான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குப் பிடிவாதம் பிடித்தாள்.

மதிலின் கல் இடுக்குகளில் புல் காய்ந்திருந்தது. கொத்தளங்களில் பீரங்கிக்கென்று விட்ட துளைகள் வெளியே வயல்களைப் பார்த்தபடி இருந்தன. காவலுக்கு ஆளில்லாமல் போன பிறகும் அவை பார்ப்பதை நிறுத்தவில்லை.

"இங்க யாருய்யா கீறாங்க? ஆடுதான் மேயுது. அது போயி யார்கிட்ட சொல்லப் போவுது?" என்றாள் எல்லம்மா, தமிழில்.

"சும்னிரு" என்று அடக்கினான்.

சற்றுத் தள்ளி, மர நிழலில் ஒரு குடும்பம் சித்ரான்னப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. கணவன், மனைவி, ஒரு சின்னப் பெண். கன்னடத்தில் தண்ணீர் கேட்டார்கள், கன்னடத்தில் குழந்தையை அதட்டினார்கள். அப்பாதுரை அவர்களைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவர்களுக்குக் கேட்கும்படி, எல்லம்மாவிடம் வெயிலைப் பற்றிக் கன்னடத்தில் ஏதோ சொன்னான்.

அவன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோது அவள் கொத்தளத்தின் அடியிலிருந்த இருட்டறைக்குள் நுழைந்துகொண்டாள். வௌவால் நாற்றம். சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"எல்லம்மா? எல்லித்தியா?"

எங்கே இருக்கிறாய் என்று கன்னடத்தில்தான் கேட்டான். மறுபடி கூப்பிட்டான், அதே மொழியில், இன்னும் வேகமாக. காலடிகள் படியேறி இறங்கின. படியை ஒட்டிக் கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு ஒன்று இருந்தது. வரும்போது இருவரும்தான் அதைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் பயம் தீரும். சொன்னால் வந்து நிற்பது ஹனுமந்தப்பாதான். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காலடிகள் நின்றுபோயின. வாசல் ஓரமாக எட்டிப் பார்த்தாள். அவன் கிணற்று விளிம்பில் மண்டியிட்டு உள்ளே குனிந்திருந்தான்.

"ஏய் எல்லா... எங்கடி கீற? வந்துர்றி."

குரல் மதிலில் பட்டுத் திரும்பியது. அவன் திடுக்கிட்டு மர நிழலைப் பார்த்தான். அங்கே பொட்டலத்துக்குப் போன கைகள் அப்படியே நின்றிருந்தன. சின்னப் பெண் மட்டும் முகம் மலர எழுந்தாள்.

"அம்மா, அந்த மாமா நம்ம மாதிரியே பேசு—"

சோற்றின் மஞ்சள் ஒட்டிய தாயின் உள்ளங்கை அவள் வாயை மூடியது. அந்தக் கைக்கு மேலே குழந்தையின் கண்கள், இருட்டறை வாசலில் நின்ற எல்லம்மாவை இமைக்காமல் பார்த்தன.