ஆண்டி ஊற்றிய தண்ணீர்

பாப்பாரப்பட்டி ரோட்டில் இருந்த சத்யராஜின் பட்டறைக்கு ஓசூரிலிருந்துகூடப் பந்தய பைக்குகள் வரும். இன்ஜினைப் பிரித்து, அழுத்தம் கூடுகிற மாதிரி பிஸ்டனை மாற்றித் தருவான். அப்படி மாற்றிய இன்ஜினுக்குப் பங்க் பெட்ரோல் மட்டும் ஆகாது. உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வரும். விட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அதனால் பெட்ரோலில் ஆல்கஹால் கலப்பான். பெட்ரோல் தட்டலைத் தாங்கும் ஆக்டேன் அளவு ஏறும், சத்தம் நின்றுபோகும். என்ன அளவு என்று மட்டும் யாரிடமும் சொல்லமாட்டான்.

அந்த ஆல்கஹால் ஒரு வெள்ளைக் கேனில் இருந்தது. பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த ஆண்டி அதில் தினமும் அரை டம்ளர் எடுத்துக் குடித்து வந்தார். வத்தல்மலைக்காரர், ஐம்பது வயது. சைலன்சர் குழாயை அவர் மாதிரி மடிப்பு விழாமல் வளைக்க மாவட்டத்தில் ஆள் கிடையாது. எடுத்த அளவுக்குக் கேனில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார்.

ஆடி மாதம் பாலக்கோடு பக்கம் ஒரு தரிசு நிலத்தில் பந்தயம் வைத்தார்கள். சத்யராஜின் வண்டியைச் சிவக்குமார் ஓட்டினான். இரண்டாவது சுற்றில் எல்லோருக்கும் முன்னால் வந்தான். கூட்டத்துக்கு எதிரே வந்ததும் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. உதைத்துப் பார்த்தான், அசையவில்லை. மைக்கில் இருந்தவன், "பாப்பாரப்பட்டி வண்டிக்குத் தாகம் எடுத்துருச்சுங்க, யாராவது சோடா குடுங்க" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சத்யராஜ் தலையைத் தூக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

பட்டறைக்கு வந்ததும் டேங்கிலிருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தான். மேலே பெட்ரோல், அடியில் வேறொன்று, நடுவில் கோடு போட்டதுபோல் பிரிந்து நின்றது. தண்ணீர் சேர்ந்தால் ஆல்கஹால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய் அடியில் தங்கிவிடும். அடியில் தங்கியதைத்தான் இன்ஜின் குடித்திருக்கிறது. மறுநாள் டீ நேரத்தில் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று பார்த்தான். ஆண்டி கேனைத் திறந்ததையும் பார்த்தான், தண்ணீர் ஊற்றியதையும் பார்த்தான்.

ஆண்டி திரும்பி வந்ததும் வளைக்க வேண்டிய குழாயை எடுத்துக் கொடுத்தான்.

அந்த வாரமே ஓசூருக்குப் போய் மெத்தனால் வாங்கினான். கடைக்காரர் குப்புராஜ் தெளிவாகச் சொன்னார். "இதும் ஆல்கஹால்தாங்க. ரேஸுக்கு அதைவிட நல்லா வேலை செய்யும். ஆனா வாயில படக்கூடாது. உள்ள போச்சுன்னா மொதல்ல கண்ணு, அப்புறம் உசுரு. வேற கேன்ல ஊத்துனா பேரு எழுதி ஒட்டி வைங்க."

"இதையெல்லாம் யாருங்க குடிக்கப் போறாங்க?" என்றான் சத்யராஜ்.

வந்ததும் வெள்ளைக் கேனைக் காலி செய்து, மெத்தனாலை அதில் ஊற்றி, பழைய இடத்திலேயே வைத்தான். எச்சரிக்கை ஒட்டியிருந்த மெத்தனால் கேனைத் துண்டுதுண்டாக அறுத்துக் குப்பையில் போட்டான்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் ஆண்டி டம்ளரை எடுத்தார். சத்யராஜ் பத்தடி தூரத்தில் அரம் போட்டுக்கொண்டிருந்தான். 'அண்ணா, அது வேற' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே பந்தயத்தில் கேட்ட அந்தச் சிரிப்பும் வந்தது. அரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

மறுநாள் ஆண்டி தலையைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தார். போல்ட்டைத் துளைக்குள் வைக்கத் தெரியாமல் பக்கத்திலேயே குத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, எல்லாம் பனி மூடுன மாதிரி இருக்குது. ஆடியில ஏதுப்பா பனி?"

மத்தியானத்துக்குள் வாந்தி எடுத்து விழுந்தார். சத்யராஜே காரில் போட்டுத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஆண்டியின் மனைவி ராமக்கா அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள்.

"என்ன குடிச்சாரு? தெரிஞ்சா உடனே அதுக்கான மருந்து கொடுக்கலாம்" என்றார் டாக்டர்.

"எனக்குத் தெரியலைங்களே" என்று ராமக்கா சத்யராஜைப் பார்த்தாள்.

"வேலை நேரத்துல குடிக்க மாட்டாருங்க சார். ஏதாச்சும் கடைச் சரக்கா இருக்கும்" என்றான் அவன்.

ரத்தப் பரிசோதனையில் மெத்தனால் என்று தெரிய மறுநாள் ஆகிவிட்டது. உயிர் நின்றது, பார்வை போய்விட்டது.

போலீஸ் வந்து கேட்டபோது, பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாத ஒருவன் கொடுத்தான் என்று ஆண்டி சொன்னார். அவர்கள் போனதும் சத்யராஜின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"உன் கேன்லதான் திருடிக் குடிச்சேன் தம்பி. சொன்னா பட்டறைய மூடிருவாங்கன்னு சொல்லலை. அன்னிக்கி வண்டி நின்னதும் என்னாலதான். தண்ணி ஊத்தி வெச்சிருந்தேன். அந்தப் பாவந்தான் கண்ணைப் புடுங்கிருச்சு. என்னை மன்னிச்சுரு."

சத்யராஜ் அந்தக் கையைப் பார்த்தான். வெல்டிங் பொறி பட்ட தழும்புகள் அதில் நிறைய இருந்தன.

"சரி, விடுங்கண்ணா" என்றான்.

"உங்க புண்ணியத்துலதான் உசுரோட இருக்காரு" என்று ராமக்கா கும்பிட்டாள்.

புரட்டாசியில் நடந்த பந்தயத்தில் சிவக்குமார் முதலாவதாக வந்தான். மறுநாளே ராமக்கா ஆண்டியைக் கைபிடித்துப் பட்டறைக்குக் கூட்டிவந்தாள்.

"நட்டு, போல்ட்டு பிரிச்சுப் போடறதுக்குக் கண்ணு எதுக்குங்க? தடவியே சொல்லிருவாரு. வூட்ல சும்மா ஒக்காந்து ஒக்காந்து பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிட்டாருங்க."

"நெருப்பு இருக்கற எடங்க. நாளைக்கி ஏதாச்சும் ஆனா எம்மேல கேஸ் வரும்" என்றான் சத்யராஜ். "பத்தரைக்கு பஸ் இருக்குது. கூட்டிட்டுப் போங்க."

ராமக்கா அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் நடத்தினாள். ஆண்டி திரும்பி நின்று கேட்டார்.

"தம்பி, நேத்து வண்டி ஜெயிச்சுதா?"

"ஜெயிச்சுதுங்கண்ணா."

"நெனச்சேன்" என்று ஆண்டி வாய்நிறையச் சிரித்தார். சத்யராஜ் நின்ற பக்கம் அதுதான் என்று நினைத்து, சுவரைப் பார்த்துச் சிரித்தார்.